பதினோரு மாத ஊர்

நவி மும்பைக்குக் குடிவந்து 14 வருடம் ஆகிறது. இதுவரை நான்கு வீடுகள். ஆனால் நான் குடியிருந்த சொசைட்டி வீடுகளில், அதாவது வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் அடுக்ககங்களில், சட்டப்படி பார்த்தால், ஒரு நாள்கூட வாடகைக்கு இருந்ததில்லை.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு பதிவு ஏஜென்ட். இந்த ஊரில் வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய யாரும் அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்பதில்லை. லேப்டாப், சின்னக் கேமரா, கட்டைவிரல் ரேகைக் கருவி மூன்றையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிடுவார். பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான், வீட்டுக்காரர், குடிவருபவர், சாட்சிகள் எல்லாரும் வேலை முடிந்து வந்த பிறகு. சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விரலை வைக்க வேண்டும். என் விரலில் ரேகை சரியாக விழாது. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோயிற்று என்று அவர் எண்ணெய் தடவச் சொன்னார். அப்போதுதான் "நான் டெனன்ட், அவர் ஓனர், அப்படித்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம். நீங்கள் லைசென்ஸி, அவர் லைசென்ஸர். உள்ளே இருந்துகொள்ள அவர் உங்களுக்கு அனுமதி தருகிறார். அவ்வளவுதான்."

லீவ் அண்ட் லைசென்ஸ் என்று பெயர். 1947 ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை உறைய வைத்ததும், குடியிருப்பவரை எழுப்ப முடியாமல் வீட்டுக்காரர்கள் தவித்ததும் பழைய கதை. தெற்கு மும்பையின் பகடி வீடுகளில், அதாவது முன்பு பெரிய தொகை கொடுத்துப் பிடித்த பழைய வாடகை வீடுகளில், இன்றும் ஒரு மாத வாடகை ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடுவது உண்டு. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இந்த 'அனுமதி'. ஒரு வருடத்துக்குக் குறைவான குத்தகைக்குப் பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கில் 11 மாதம் என்று எழுதத் தொடங்கினார்கள். 1999 இன் வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகும் அந்த 11 போகவில்லை. அதனால் எங்கள் வருடத்துக்குப் பதினோரு மாதம்தான். பன்னிரண்டாவது மாதம் தரகருடையது.

2012 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கினேன். ஐரோலியில் வேலை. குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலில் ஏறியதும், மான்குர்டு வரைக்கும் ஜன்னலில் கையை நீட்டினால் எதிர் வீட்டுச் சமையலறையில் உப்பு எடுக்கலாம் போல இருந்தது. மான்குர்டு தாண்டியதும் ஊர் சட்டென்று முடிந்து அலையாத்திக் காடு வந்தது. பிறகு கழிமுகத்தின் மேல் நீண்ட பாலம். வாசலோரம் நின்ற ஒரு பெண் கைப்பையிலிருந்து வாடிய பூசைப் பூக்களை எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாலம் முடிந்து வாஷி நிலையம். பிளாட்பாரத்துக்கு மேலே அலுவலகக் கோபுரங்களைத் தூக்கி நிறுத்திவைத்த ஒரு ரயில் நிலையத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பூ எறிந்தவள் இறங்கி, அந்தக் கூட்டத்தில் அவசரமில்லாமல் நடந்து போனாள். மும்பையில் யாரும் அப்படி நடக்கவில்லை.

சீக்கிரமே இன்னொன்று புரிந்தது. இங்கே தெருக்களுக்குப் பெயர் இல்லை. செக்டர் எண், பிளாட் எண், கட்டட வகை. ஊரைக் கட்டிய அரசு நிறுவனமான சிட்கோவின் பழைய வீடுகள் என்றால் 'ஜேஎன் 2 டைப்' என்று நட்டு போல்ட்டுக்கு வைப்பது மாதிரி ஒரு பெயர். அம்மா போனில் கேட்டாள்: "ஏட்டி, பிள்ளையார் கோயில் தெரு, மேலத் தெருன்னு ஒண்ணும் கிடையாதா? நம்பரைச் சொல்லிச் சொல்லி ஜெயில்ல இருக்கிறவ மாதிரி பேசுத."

ஊர் பிறந்த விதம் அப்படி. 1960 களின் நடுவில் சார்ல்ஸ் கொரியா, பிரவீணா மேத்தா என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களும் ஷிரீஷ் படேல் என்ற பொறியாளரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். மும்பை தெற்கிலிருந்து வடக்காக ஒரே கோட்டில் நீண்டு மூச்சுத் திணறுகிறது. கழிமுகத்தின் கிழக்குக் கரையில் ஒரு புது நகரத்தை எழுப்பினால் பாரம் குறையும் என்றார்கள். 1970 மார்ச்சில் அதற்கென்றே சிட்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 344 சதுர கிலோமீட்டர் நிலம். 20 லட்சம் பேர் வந்து வாழலாம் என்று கணக்கு. நகரத்தை ஒரே கொத்தாக வைக்காமல் முனை முனையாகப் பிரித்தார்கள். 'நோட்' என்பார்கள். வாஷிதான் முதல் நோட். ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளி, சந்தை, மைதானம், நடந்து போகும் தூரத்தில் ரயில்.

அந்த ரயில்தான் வரவில்லை. அரசுத் தலைமைச் செயலகத்தையே இங்கே கொண்டுவந்துவிட வேண்டும், அப்போதுதான் மும்பை கூடவே நகரும் என்பது திட்டக்காரர்களின் ஆசை. அரசாங்கமோ இங்கே வராமல், அதே காலத்தில் நரிமன் பாயின்டில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்கள் எழ விட்டது. 1973 இல் கழிமுகத்துக்கு ஒரு சாலைப் பாலம் கிடைத்தது. ரயில் வாஷிக்கு வந்தது 1992 மே மாதம். அதுவும் செலவில் மூன்றில் இரண்டு பங்கைச் சிட்கோ கொடுத்த பிறகு. என் முதல் வீட்டுக்காரர் 1980 களில் வாஷியில் வீடு வாங்கியவர். மும்பையிலிருக்கும் சொந்தக்காரர்கள் அவரைத் துக்கம் விசாரிப்பது போல விசாரிப்பார்களாம். மகனுக்குப் பெண் கேட்டுப் போனால், "கழிமுகத்துக்கு அந்தப் பக்கமா?" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம்.

வாஷியில் பங்கு போட்டு இருந்த அந்த அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பெண்கள், ஒரு கழிவறை. அடுத்தது கோபர் கைராணேயில் ஒரு வருடம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களுக்காகக் கொடுத்த சின்ன மனைகளில் ஒவ்வொரு மாடியாக மேலே ஏறிய வீடுகள், அதன் மூன்றாவது மாடி. மழைக்காலத்தில் செருப்பில் பச்சை பூத்தது என்பதைத் தவிர அதைப் பற்றியும் புகார் இல்லை.

கதை நெருலில்தான் தொடங்குகிறது. கல்யாணம் முடிந்து நானும் கணவரும் ஒன் பிஎச்கே தேடினோம். கேட் வைத்த சொசைட்டி. வாடகை 12,000, டெபாசிட் 50,000, தரகுக்கு ஒரு மாத வாடகை. சொசைட்டி கமிட்டியின் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேட்டி கொடுத்தோம். ஆதார், அலுவலகக் கடிதம், போலீஸ் சரிபார்ப்புப் படிவம், கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகை தமிழில் இருந்தது. ஒருவர் அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் படித்துவிட்டு "ஓகே" என்றார். ஓனர் தன் வீட்டில் தான் இல்லாமல் இன்னொருவரை வைத்தால் சொசைட்டிக்குக் கட்ட வேண்டிய 'நான் ஆக்குபன்சி' கட்டணம் ஒன்று உண்டு. பராமரிப்பில் சேவைக் கட்டணத்தின் 10 சதவீதத்துக்கு மேல் அதை வாங்கக் கூடாது என்பது அரசு விதி. அதை ஓனர் கட்டுவார், பிறகு நம் வாடகையில் ஏற்றிவிடுவார். சரி, எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது தண்ணீர். தூத்துக்குடியில் குடத்தோடு வளர்ந்தவளுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் என்பது பெரிய விஷயம். நவி மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமாகவே ஓர் அணை இருக்கிறது, ராய்கட் மாவட்டத்தில் மோர்பே அணை. மாநில அரசிடமிருந்து விலைக்கு வாங்கியது. அணை வாங்கிய மாநகராட்சியைப் பற்றி ஊரில் சொன்னால் சித்தப்பா நம்பவில்லை.

அம்மா ஒரு நாள் பார்சல் அனுப்பினாள். நெத்திலிக் கருவாடு, சாளைக் கருவாடு, கொஞ்சம் மாசி. ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாயங்காலமே கமிட்டியிலிருந்து ஆள் வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டே மூக்கைத் தொட்டுக்காட்டி, "சிங்க் அடைத்திருக்கிறதா, பிளம்பரை அனுப்பவா?" என்றார். தெரிந்துதான் கேட்டார். அடுத்த நாள் லிஃப்டில் ஓர் அறிவிப்பு: 'மற்றவர்களுக்குத் தொந்தரவான வாசனை வரும் சமையலைத் தவிர்க்கவும்.' பெயர் போடவில்லை. ஆனால் லிஃப்டில் வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டு என் மாடி எண்ணைப் பார்த்தார்கள்.

பதினோரு மாதம் முடிந்ததும் ஓனர் போன் செய்தார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் பேசினார். புதுப்பிக்க வேண்டாம் என்று கமிட்டி சொல்கிறதாம். "வீடு உங்களுடையதுதானே, அவர்கள் யார் சொல்ல?" என்று கேட்டேன்.

"வீடு என்னுடையதா? நிலம் சிட்கோவுடையது. எனக்கே 60 வருஷக் குத்தகைதான், அதில் 20 போய்விட்டது" என்று சிரித்தார்.

அன்றைக்குத்தான் பழைய ஒப்பந்தத்தை எடுத்து முழுவதும் படித்தேன். பின்பக்கத்தில், யாரும் படிக்காத சொத்து விவரப் பட்டியலில், மனை எண்ணுக்குக் கீழே '12.5 சதவீத கௌடாண் விரிவாக்கத் திட்டத்தின் கீழ்' என்று ஒரு வரி. கௌடாண் என்றால் ஊர் நத்தம். அந்த வரி என்ன என்று தரகரிடம் கேட்டேன். "சாடேபாரா டக்கே பிளாட், மேடம். கோளிக்காரர்களுக்கோ ஆக்ரிக்காரர்களுக்கோ சிட்கோ கொடுத்தது. அவர்கள் பில்டருக்குக் கொடுத்திருப்பார்கள்" என்றார். கோளிகள் மீனவர்கள். ஆக்ரிகள் நெல்லும் உப்பும் விளைத்தவர்கள், மீன் பிடித்தவர்கள். கருவாடு நாறுகிறது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டிய கட்டடம், கருவாடு காயவைத்த சனங்களுக்கு ஈடாகக் கிடைத்த மனையின் மேல் நிற்கிறது. எனக்கு அந்த நிமிடம் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

சாடேபாரா டக்கே, அதாவது பன்னிரண்டரை சதவீதம். இந்த ஊரில் இதைத் தெரியாமல் வீடு வாங்கலாம், விற்கலாம், ஆனால் ஊர் புரியாது. புது நகரத்துக்காக எடுத்த நிலத்துக்குள் 95 கிராமங்கள் இருந்தன. வயல், உப்பளம், கழிமுகக் கரை எல்லாம் அரசுக்குப் போனது. குடியிருந்த நத்தத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஈட்டுத்தொகை போதாது என்று டி.பா. பாட்டீல் என்ற உள்ளூர்த் தலைவரின் தலைமையில் போராட்டம் நடந்தது. 1984 ஜனவரியில் உரண் பக்கத்தில் போலீஸ் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தைச் சாலையும் குழாயும் போட்ட மனையாகத் திருப்பித் தரும் திட்டம் அந்தப் போராட்டத்தின் பலன்தான். 2021 இல் புது விமான நிலையத்துக்கு டி.பா. பெயரை வைக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் மனிதச் சங்கிலியாக நின்றபோது, என் அலுவலகத்தில் பாதிப் பேர் "யார் இந்த டி.பா.?" என்று கேட்டார்கள். அவர்கள் இங்கே பத்து வருடமாகக் குடியிருப்பவர்கள்.

அடுத்த வீட்டுக்கு நான் தரகரிடம் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: மீன் சமைக்க வேண்டும். "அப்படியென்றால் காவ்" என்றார் அவர். காவ் என்றால் கிராமம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், ஏதோ நோயின் பெயரைச் சொல்வது போல.

நவி மும்பை வரைபடத்தைப் பார்த்தால் கோடு போட்ட செக்டர்களுக்கு நடுவே, கோலத்தில் மாவு கொட்டிவிட்டது மாதிரிச் சில திட்டுகள் தெரியும். அவைதான் அந்தக் கிராமங்கள். வாஷிகாவ், ஜூஹுகாவ், ஷிர்வணே, சார்சோளே, தாராவே, கராவே. ரயில் நிலையத்துக்கே அப்போது 'சீவுட்ஸ் தாராவே' என்று இரட்டைப் பெயர். முதல் பாதி விற்பனைக்கு, இரண்டாம் பாதி ஊருக்கு. ஏசி மால் மேலேயிருக்கும் அந்த நிலையத்தில் இறங்கி, பனை வரிசை நட்ட சாலையைப் பார்த்துக்கொண்டே நடந்தால், ஒரு திருப்பத்தில் சாலையின் அகலம் பாதியாகிவிடும். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். கட்டடங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நான்கு மாடி, ஐந்து மாடி. மேலே அண்ணாந்தால் வானம் ஒரு கீற்று, அதிலும் கேபிள் வயர். கராவேயில் அப்படி ஒரு சந்தில்தான் 2016 இல் எங்களுக்கு வீடு கிடைத்தது.

இந்த மாடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி கிடையாது. நத்தத்தைச் சுற்றி எல்லை போட்டுவிட்டார்கள், ஆனால் குடும்பம் பெருகுவதற்கு யாரும் எல்லை போட முடியவில்லை. மகனுக்கு ஒரு மாடி, பேரனுக்கு ஒரு மாடி, பிழைப்புக்கு இரண்டு மாடி வாடகை. மராத்தியில் இவற்றை 'கர்ஜேபோட்டி' வீடுகள் என்பார்கள். தேவைக்காகக் கட்டியவை. முறைப்படுத்தித் தருவதாக அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்லியிருக்கின்றன. இங்கே குடியிருப்பவர்கள் யார் என்று கேட்டால், அதே நகரத்தை ஓட்டுகிறவர்கள்தான். மாலில் பில் போடும் பையன்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், டெலிவரிக்காரர்கள், சொசைட்டிகளின் வாட்ச்மேன்கள், மற்ற இடங்களில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட கல்யாணமாகாதவர்கள். இருபது லட்சம் பேருக்கு இடம் போட்ட திட்டத்தில் இவர்களுக்கென்று வகுத்த மலிவு வீடுகளும் இருந்தன. வசதி உள்ளவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். திட்டம் கை விட்டவர்களுக்கு, திட்டம் தொடாமல் விட்ட நத்தம் இடம் கொடுத்தது. இதைச் சொன்னால் என் கட்டடக்கலை நண்பர் கோபப்படுவார். காற்றோட்டம் இல்லை, தீப்பிடித்தால் வண்டி உள்ளே வராது என்பார். இரண்டுமே உண்மை. நானும் சமையல் சிலிண்டரைப் படுக்கப்போகும்முன் இரண்டு முறை பார்க்கிறவள்தான்.

வீட்டுக்காரம்மாவை எல்லாரும் ஆயி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபது வயது. நான்கு கேள்வி கேட்டார். மீன் சாப்பிடுவாயா? குழந்தை உண்டா? தண்ணீர் காலையிலும் சாயங்காலமும்தான் வரும், பிடித்து வைப்பாயா? வாடகையாகத் தருகிறாயா, ஹெவி டெபாசிட்டா? ஐந்து லட்சம் கொடுத்தால் வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும் என்றார். நம் ஊரில் ஒத்திக்குப் பிடிப்பது என்போமே, அதேதான். என் ஆச்சி தூத்துக்குடியில் இருபது வருடம் ஒத்தி வீட்டில்தான் இருந்தாள். எங்களிடம் ஐந்து லட்சம் இல்லை. மாதம் 7,500 என்று பேசி முடித்தோம்.

ஒப்பந்தம் ஸ்டாம்ப் பேப்பரில், மராத்தியில், ஒரு பக்கம். கட்டைவிரல் கருவி இல்லை, கேமரா இல்லை. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் 'பாடேகரூ' என்று எழுதியிருந்தது. வாடகைக்கு இருப்பவர். எல்லாம் முறையாகப் பதிவு செய்த சொசைட்டி வீட்டில் நான் வெறும் அனுமதி பெற்றவள். அனுமதியே இல்லாத கட்டடத்தில்தான் எனக்கு வாடகைக்காரி என்ற பெயர் கிடைத்தது.

அந்தச் சந்துக்குள் நான் முதலில் கற்றது மீன் பெயர்கள். எங்கள் சீலா இங்கே சுர்மை. வாவல், பாப்லெட். அயிலை, பாங்டா. பொம்பில் என்று ஒரு மீன், கையில் எடுத்தால் கொழகொழவென்று நழுவும். அதையே கயிற்றில் வாய்க்கு வாய் கோத்துக் காயப்போட்டால் மரக்குச்சி மாதிரி ஆகிவிடும். நம் சென்னாகூனியை ஜவளா என்கிறார்கள். அதை வெங்காயத்தோடு வதக்கி அரிசி ரொட்டியோடு ஆயி கொடுத்தபோது, நான் பதிலுக்கு அம்மாவின் நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு "உப்பு நல்ல உப்பு" என்றார். தூத்துக்குடி உப்பு என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மாமனார் உப்பளத்தில் வேலை பார்த்தவர். இப்போது பாம் பீச் சாலை போகிற பக்கமாகக் கையைக் காட்டி, "அங்கேதான்" என்றார். பத்து கிலோமீட்டர் நீளச் சாலை, ஊரிலேயே விலை அதிகமான வீடுகள் அதன் ஓரத்தில்தான்.

கடற்கரை நகரம் என்கிறார்கள், ஆனால் இங்கே கடற்கரை கிடையாது. மணல் இல்லை, அலை இல்லை, சுண்டல் இல்லை. கழிமுகம், சேறு, அலையாத்தி. கடல் இருப்பது வாசனையிலும், வெள்ளிச் சாமான் கறுப்பதிலும், கேஸ் ஸ்டவ் அடிப்பக்கம் துருப்பிடிப்பதிலும்தான் தெரியும். நகரத்தின் பல பகுதிகள் பெரிய ஓதம், அதாவது கடல்நீர், ஏறும் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அதனால் ஹாலந்துக்காரர்கள் பாணியில் அணைக்கரை போட்டு, 'தாரண் தலாவ்' என்ற தேக்கக் குளங்களை வெட்டிவைத்தார்கள். ஓதம் ஏறும்போது குளத்து மதகின் கதவு தானாக மூடிக்கொள்ளும். பெய்த மழை குளத்தில் நிற்கும். ஓதம் வடிந்ததும் கதவு திறந்து தண்ணீர் கழிமுகத்துக்குப் போய்விடும். மோட்டார் இல்லை, ஆள் இல்லை. 2005 ஜூலை 26 இல் மும்பை மூழ்கியதைப் பற்றிப் பேசும் பழைய ஆட்கள் இந்தக் குளங்களைப் பற்றி மரியாதையாகப் பேசுவார்கள். இப்போது குளங்களில் சேறு ஏறி அலையாத்தி முளைத்துவிட்டது. அலையாத்தியை வெட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதால் தூர்வாருவதும் இழுபறி. ஜூலையில் கனமழையும் பெரிய ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால், ஆயி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே கீழ்வீட்டு அரிசி மூட்டையை மேலே ஏற்றச் சொல்வார்.

நவம்பர் வாக்கில் பூநாரைகள் வரும். குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில். மே மாதம் வரை இருக்கும். கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 இல் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று, 2022 இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மாநகராட்சி சும்மா இருக்குமா? ஊரையே 'பிளமிங்கோ சிட்டி' ஆக்கி, மேம்பாலத் தூணிலிருந்து கழிவறைச் சுவர் வரை இளஞ்சிவப்புப் பறவையாக வரைந்து தள்ளிவிட்டது. நிஜப் பறவைகள் ஓதம் ஏறும்போது சேற்றுத் திடலை விட்டு உள்ளே நெருலின் சதுப்புக் குளங்களுக்குப் பறந்து வரும். 2024 வேனிலில் அவற்றில் ஒரு குளத்துக்கு ஓதத் தண்ணீர் வராமல் காய்ந்துபோய், வழி தடுமாறிய பறவைகள் சில செத்துப்போயின. தூத்துக்குடி உப்பளத்திலும் பூநாரைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே யாரும் அதைச் சுவரில் வரைந்ததில்லை. பாத்தியில் நிற்கும், பார்ப்போம், போவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேலாப்பூரில் ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ் பார்க்கப் போனோம். 1980 களில் கொரியா வரைந்த குடியிருப்பு. ஏழு ஏழு வீடுகளாகச் சேர்த்து நடுவே எட்டு மீட்டரில் ஒரு பொது முற்றம். எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் கிடையாது. குடும்பம் பெருகினால் அவரவர் வீட்டைத் தானே பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். மக்கள் அதை நன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். பழைய ஓட்டுச் சாய்ப்பு வீடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் இடித்து மூன்று மாடி கண்ணாடி வீடு. முற்றங்கள் மட்டும் இருந்தன. ஒரு முற்றத்தில் அப்பளம் காய்ந்தது, இன்னொன்றில் கார் நின்றது. என் கணவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவர் காகிதத்தில் போட்டதைத்தானே கராவேயில் காகிதம் இல்லாமல் செய்திருக்கிறார்கள்" என்றார். அதற்குச் சண்டை போட்டேன். கராவேயில் முற்றம் எங்கே இருக்கிறது? ஆனால் திரும்பி வந்து சந்துக்குள் நுழைந்தபோது, ஆயி வீட்டு வாசலில் எட்டுப் பெண்கள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடந்து போகக் காலை மடக்கினார்கள். எட்டு மீட்டர் முற்றம் இல்லை, ஒன்றரை மீட்டர்தான். சரி, அவர் சொன்னதிலும் பாதி நியாயம்.

2025 டிசம்பரில் புது விமான நிலையத்தில் விமானங்கள் வந்துபோகத் தொடங்கின. மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் இறங்கும் விமானம் தெரிகிறது. அதற்குமுன் 2024 ஜனவரியில் கடலின் மேல் அடல் சேது பாலமும் உரண் வரைக்கும் ரயிலும் ஒரே நாளில் வந்தன. 1970 இல் வரைந்த படம் ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஏறக்குறைய முழுதாக நிறைவேறியிருக்கிறது. நெருல் சொசைட்டியில் நாங்கள் 12,000 கொடுத்த அதே அளவு வீட்டுக்கு இப்போது 28,000 சொல்கிறார்கள். கராவேயில் எங்கள் வாடகை 13,000. பழைய சிட்கோ கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு முப்பது மாடியாக எழும்புகின்றன. மழைக்கு முன்னால் மாநகராட்சி வெளியிடும் அபாயக் கட்டடப் பட்டியலில் பெயர் வந்தால் முன்பெல்லாம் அழுவார்கள், இப்போது லட்டு கொடுக்கிறார்கள்.

சந்துக்குள்ளும் பில்டர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான்கைந்து வீட்டை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் கோபுரம் கட்டித் தருவதாகப் பேச்சு. ஆயியின் மகன் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறார். ஆயி போவதில்லை. "என் மாமனார் ஒரு காகிதத்தில் கை வைத்தார். அதோடு போதும்" என்று ஒரு நாள் சொன்னார். ஆனால் மறுவாரமே, கோபுரத்தில் லிஃப்ட் இருக்குமா, மீன் கூடையை லிஃப்டில் விடுவார்களா என்று என்னிடம் விசாரித்தார். நான் பழைய நோட்டீஸ் கதையைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போன மாதம் எங்கள் பதினோரு மாதம் முடிந்தது. ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு கீழே போனேன். ஆயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாடகை, டெபாசிட், லைட் பில். 'இன்றிலிருந்து இன்ன தேதி வரை' என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"போரி, அதை மட்டும் எழுதாதே. காலியாக விடு."

"ஏன் ஆயி?"

"மகன் வரட்டும். பில்டர் என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டுப் போடலாம்."

கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். பேப்பரை நான்காக மடித்து, காய்ந்த பொம்பில் வைக்கும் டப்பாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.